ஓர் ஓடு, இரண்டு பெயர்

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கும் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணிய கடல் உயிர்களின் ஓடுகள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் மகள் கம்பஸில் புவிச்சரிதவியல் படிக்கிறாள். ஒரே மாதிரி ஓட்டைப் பழைய புத்தகம் ஒரு இனம் என்கிறதாம், புதியது வேறு இனம் என்கிறதாம். "உயிரோடு இருப்பதென்றால் இனம் பெருக்கிப் பார்க்கலாம். கோடிக்கணக்கான வருசத்துக்கு முன் செத்ததை எதை வைத்துப் பிரிக்கிறார்கள், அம்மா?" என்று கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதெல்லாம் ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம்தானா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். இனம் பிரிப்பதில் பிரிக்கிறவரின் தீர்ப்பு இருக்கத்தான் செய்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பை ஓடு சோதித்துக்கொண்டே இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

இந்த உயிர்களுக்கு உடம்பு முழுவதும் ஒரே ஒரு கலம்தான். அது தன்னைச் சுற்றி ஓடு கட்டுகிறது, வளர வளர அறைமேல் அறை சேர்க்கிறது. முதலில் பார்ப்பது ஓட்டின் சுவர். மணலை ஒட்டிக் கட்டியதா, பீங்கான் போல வெள்ளையா, கண்ணாடி போலத் தெளிவாகத் துளைகளோடு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம் அறைகளின் அடுக்கு, வாயின் வடிவம், கடைசியாக மேலே உள்ள வரிகளும் முட்களும். சுவரை ஏன் முதலில் வைத்தார்கள் என்றால், அலங்காரம் இடத்துக்கு இடம் மாறும், கட்டும் முறை அவ்வளவு இலகுவில் மாறாது. இந்த ஒழுங்குக்கும் அடி விழுந்திருக்கிறது. மரபணுக்களைப் பார்த்து 2013 இல் வெளியிட்ட வகைப்பாட்டில், மணல் ஒட்டிக் கட்டுகிறவை எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இல்லை என்று ஆகிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டிய இடத்துக் கல் ஒன்று என்னிடம் இருக்கிறது. கண்ணாடித் தட்டில் காபரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு அதன் ஒரு முகத்தை அரை மணி நேரம் தேய்த்தேன். ஈரம் காயுமுன் பத்து மடங்கு லென்சை வைத்துப் பார்த்தால், மங்கிய மஞ்சள் நிறத்துக்குள் பால் வெள்ளையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். பீங்கான் ஓட்டுக்காரர்களான மிலியோலிட்டுகள். லத்தீனில் தினை வகைத் தானியத்துக்குச் சொல்லும் பெயரிலிருந்து வந்தது, உருவமும் அப்படித்தான். இந்தக் கூட்டத்தில் வெளியே ஐந்து அறை தெரிந்தால் ஒரு சாதி (நெருங்கிய இனங்கள் சேர்ந்த கூட்டத்தைச் சாதி என்பார்கள்), மூன்று தெரிந்தால் வேறொன்று, இரண்டு தெரிந்தால் பிர்கோ என்ற சாதி. எண்ணினால் போதும் போலத் தோன்றும். ஆனால் சில பிர்கோவைக் குறுக்கே வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்தால், நட்டநடுவில் ஐந்து அறை அடுக்கு, அதைச் சுற்றி மூன்று அறை அடுக்கு, வெளியே இரண்டு. குழந்தைப் பருவம் அழியாமல் அப்படியே உள்ளே இருக்கிறது. வெளியே மட்டும் எண்ணுகிறவர் பிர்கோவின் குஞ்சை இன்னொரு சாதிக்குள் போட்டுவிடுவார். இந்த வெட்டுமுகத்தை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடே ஓடவில்லை.

மகள் சொன்ன இரண்டு பெயர் விவகாரத்துக்கு நமுலைட் நல்ல உதாரணம். எகிப்தின் பிரமிட் கற்களில் கிடக்கும் காசு போன்ற ஓடுகள் இவை. வேலையாட்கள் தின்று மிஞ்சிய பருப்பு கல்லாகிப்போனது என்று அங்குள்ளவர்கள் சொன்னதைப் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். ஒரே கல்லில் பெரிய ஓடும் சிறிய ஓடும் கிடக்கும். பெரியதைப் பிளந்தால் நடுவில் உள்ள முதல் அறை கண்ணுக்கே தெரியாத அளவு, சிறியதில் முதல் அறை பெரிது. இரண்டுக்கும் தனித்தனி இனப் பெயர் வைத்தார்கள். பிறகு 1890களில் லிஸ்டர், ஷௌடின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உயிருள்ள ஃபொராமினிஃபெராவில் பார்த்தார்கள்: பால்முறையில் பிறக்கும் தலைமுறைக்கு முதல் அறை சிறிது, பாலின்றிப் பிறக்கும் தலைமுறைக்குப் பெரிது. ஆக, தாயும் பிள்ளையும் இரண்டு பெயரில் இருந்திருக்கிறார்கள். உயிருள்ளதில் கண்டதை ஓட்டின் முதல் அறையோடு வைத்துப் பார்த்ததால்தான் பிழை பிடிபட்டது.

மறுபக்கமும் உண்டு. குளிர் கடல்களில் மிதக்கும் நியோகுளோபோகுவாட்ரினா பகிடெர்மா என்ற இனத்தில் இடம் சுழிந்த ஓடும் வலம் சுழிந்த ஓடும் இருந்தன. இடது குளிர்ந்த நீருக்கு, வலது சற்று வெதுவெதுப்பான நீருக்கு, ஆனால் இனம் ஒன்றுதான் என்று வைத்திருந்தார்கள். மரபணு வேறு கதை சொன்னது. 2006 இல் வலம் சுழிவதைத் தனி இனமாகப் பிரித்தார்கள். கல்லாகிப்போனதில் மரபணு கிடைக்காது, சுழி கிடைக்கும். உயிருள்ளதில் படித்த பாடத்தைக் கல்லுக்குக் கொண்டுபோகிறோம், அவ்வளவுதான் வழி.

அபிப்பிராயம் கட்டவிழ்ந்து ஓடாமல் இருக்க ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. புதிய இனத்துக்குப் பெயர் வைக்கிறவர் ஓர் ஓட்டைத் தேர்ந்து, இதுதான் இந்த இனத்தின் மாதிரி என்று குறித்து, ஒரு சேகரிப்பில் வைக்க வேண்டும். பின்னால் யாரும் போய்த் தங்கள் ஓட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரடி என்ற ஆய்வாளர் 1884 இல் சாலஞ்சர் என்ற கடலாய்வுக் கப்பலின் சேகரிப்பைப் பற்றி எழுதியபோது பார்த்த ஓடுகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் வைத்த பெயர்கள் பல மாறிவிட்டன, ஓடுகள் மாறவில்லை.

மகளிடம் இதைச் சொல்லுங்கள். ஓர் ஓட்டை வைத்து முடிவு கட்டவேண்டாம், ஒரே அடுக்கிலிருந்து ஐம்பது நூறு பொறுக்கிப் பக்கம் பக்கமாக அடுக்கட்டும். இடையில் உள்ளவை வரிசையாக ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்ந்தால் ஒரே இனமாக இருக்க வாய்ப்புண்டு. நடுவில் வெறுமை விழுந்தால், அது இரண்டு இனமா, நமுலைட்டில் போல இரண்டு தலைமுறையா என்று பிளந்து பார்க்கவேண்டும். சாதி தெரிந்து இனம் தெரியவில்லை என்றால் சாதிப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்படி எழுதுவதில் வெட்கம் எதுவும் இல்லை, பெரிய ஆட்களும் எழுதுகிறார்கள்.

ஊருக்குப் போகும்போது அவள் கல் எடுப்பாள் என்று நினைக்கிறேன். எந்தக் கிணறு, மேலிருந்து எத்தனை அடியில் எடுத்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று அந்த இடத்திலேயே பென்சிலால் எழுதி, துண்டைக் கல்லோடு பையில் போடச் சொல்லுங்கள். பேனை வேண்டாம், ஈரம் பட்டால் மை ஊறிவிடும்.