வேகப்பந்து வீசும் பையனுக்கு முதுகுவலி

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. வலது கை வேகப்பந்து வீச்சாளன். மூன்று வாரமாக இடுப்புக்கு மேலே இடப்பக்கம் வலிக்கிறது என்கிறான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. தசைப்பிடிப்புதான், தைலம் தேய்த்துவிட்டு ஆடட்டும் என்கிறார் கோச். அடுத்த வாரம் டோர்னமென்ட். விடலாமா?
(ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: வேண்டாம் அம்மா. வலது கைக்காரனுக்கு இடப்பக்கம் வலி என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. பந்தை விடும்போது முன்கால் தரையில் ஊன்ற, உடம்பு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, கூடவே முறுக்கிக்கொள்ளும்; உடல் எடையைப் போலப் பல மடங்கு பாரம் கீழ்முதுகில் இறங்கும், அதுவும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கம். இன்னும் முற்றாத எலும்பில் ஓய்வே இல்லாமல் இப்படி விழுந்துகொண்டிருந்தால் மயிரிழையாக விரிசல் விடும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பது இதைத்தான். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் சிக்காது. விளையாட்டுக் காயம் பார்க்கும் எலும்பு டாக்டரிடம் போய் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். விரிசல் என்றால் சில மாதம் பந்து வீசக் கூடாது.

பையன் முகம் வாடும்தான். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸ் கதையைச் சொல்லுங்கள். 2011-ல், 18 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட், அதிலேயே ஆட்டநாயகன். அடுத்த டெஸ்ட் ராஞ்சியில், 2017-ல்! நடுவில் படுத்தியது பெரும்பாலும் முதுகுதான். பிற்பாடு ஆஸ்திரேலியாவுக்கே கேப்டன் ஆனார். சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் நம் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்த ஆஸ்திரேலிய வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கும் 1973-ல் இதே முறிவுதான்.

இனி வராமல் இருக்க, பந்துகளை எண்ணுங்கள். மேட்ச்சில் பத்து ஓவர்தானே என்பார்கள், நெட்ஸ் பயிற்சியில் போட்டது யார் கணக்கில்? பள்ளி, கிளப், மாவட்டம் என்று மூன்று கோச்சுகள், ஒருவர் போட வைத்தது இன்னொருவருக்குத் தெரியாது. அதனால் கணக்கு எழுதும் நோட்டு பையன் கையில்தான் இருக்க வேண்டும். பரீட்சை என்று இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, கோடை முகாமில் எடுத்த எடுப்பில் தினம் இரண்டு வேளை வீசுகிறார்களே, அதைவிட ஆபத்து வேறில்லை. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

கேள்வி: இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டு பந்து வீசலாமா?
(ஒரு கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: பெல்ட் கட்டினால் வலி கொஞ்சம் அடங்கும், முதுகில் விழும் அடி அடங்காது. மேட்ச்சுக்கு முன்னால் வலி மாத்திரை போடுவதும் இதே ரகம்தான். முதலில் வலி எதனால் என்று பாருங்கள் தம்பி.