பூனைக்கு வைட்டமின் சி மாத்திரை தேவையா?

தேவையில்லை. பூனை தனக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தன் கல்லீரலிலேயே குளுக்கோஸிலிருந்து தயாரித்துக்கொள்கிறது, நாய், ஆடு, மாடு எல்லாம் அப்படித்தான். அந்தத் தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் நொதியின் மரபணு கெட்டுப்போனது, பாலூட்டிகளில் முக்கியமாக நமக்கும் குரங்குகளுக்கும் கினிப் பன்றிக்கும்தான் (வௌவால்களில் பலவும் இந்தக் கட்சி).

ஈறில் ரத்தம் வருகிறதே, அது வைட்டமின் சி குறைவால்தானே என்கிறீர்கள். பெரும்பாலும் அது பல்லில் படிந்த காரையால் வரும் ஈறு வீக்கம். உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள்: பல்லடியில் மஞ்சள் படிவும் ஈறோரம் சிவப்புக் கோடும் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சும்மா கொடுத்து வைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள், மிஞ்சியதில் ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக (சிறுநீர்க் கல்லை உண்டாக்கக்கூடிய உப்பு) மாறிச் சிறுநீரில் போகும், ஏற்கனவே கல் வந்த பூனைக்கு அது வம்பு. அப்புறம், இதைக் கினிப் பன்றிக்குப் பொருத்திவிடாதீர்கள், அதற்குத் தினமும் கொடுத்தே ஆகவேண்டும்.