நாவலுக்கு முன்பணம் கேட்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்மாதக் கடிதங்களில் பல ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன: சொந்தமாக நாவல் வெளியிட, வாசகரிடமே முன்கூட்டிப் பணம் திரட்டுவது. நெடுங்காலம் கோலாலம்பூர் அச்சகங்களில் மெய்ப்பு பார்த்தவள் நான். இது என் மனத்துக்கு மிக நெருங்கிய விஷயம். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அனுப்பியவர்கள் பொறுத்தருள்க.

*

கேள்வி: அம்மா, நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்றைப் பற்றி நாவல் எழுதி முடித்திருக்கிறேன். அச்சுச் செலவு முழுவதையும் நானே ஏற்க வேண்டும் என்கிறார் பதிப்பாளர். வாசகர்களிடம் முன்பணம் பெற்று நீயே அச்சிடு என்கிறாள் தோழி. "ஊராரிடம் கையேந்துவதா?" என்று என் கணவர் வருத்தப்படுகிறார். நான் என்ன செய்யட்டும்?
– ஆசிரியை, செந்தூல்

பதில்: தாராளமாகக் கேளுங்கள், ஆசிரியை. உங்கள் கணவர் மானத்தைப் பெரிதாக எண்ணுபவர். அந்தக் குணத்தை மதிக்கிறேன். அவரிடம் உ.வே.சாமிநாதையரின் கதையைச் சொல்லுங்கள். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது சீவக சிந்தாமணியை அச்சிட முற்பட்டார். காகிதத்துக்கும் அச்சுக்கும் போதிய பணம் இல்லை. நூல் வந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் கையொப்பம் பெற்றார். நூல் 1887இல் வெளிவந்தது. இதையெல்லாம் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். யாரேனும் அதைக் கையேந்தல் என்று சொன்னதுண்டா?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டிலேயே இருக்கிறது. 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ.சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடமும் நூல்களும் வேண்டும் என்று சாதாரண உழைப்பாளிகள் தங்களால் இயன்ற சிறு தொகையைக் கொடுத்தார்கள். பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலில் நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் எழுந்தது. உங்கள் நாவலில் வரும் தாத்தாவே அந்தப் பத்து வெள்ளியைக் கட்டியவராக இருக்கலாம். அப்படிப்பட்டவரின் கதையை அச்சேற்ற அவருடைய பேரப்பிள்ளைகளிடம் கேட்பதில் என்ன கூச்சம்?

உங்கள் கணவரின் கேள்வியை நான் வேறு பக்கம் திருப்புவேன். நம் நூல் வெளியீட்டு விழாக்களை எண்ணிப் பாருங்கள். முதல் நூலைப் பெற ஒரு தொழிலதிபரையோ அரசியல்வாதியையோ தேடி அலைகிறோம். அவருக்கு மாலை, பொன்னாடை, நீண்ட பாராட்டு. அவர் ஓர் உறையைக் கொடுத்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் புறப்படுகிறார். பின்வரிசையில் இருப்பவர்களும் உறவுக்காக ஆளுக்கு ஓர் உறை கொடுத்து நூலை வாங்கிப் போகிறார்கள். கல்யாண மொய் எழுதுவது போன்ற கடமை அது. அந்த நூல்களில் எத்தனை திறக்கப்படுகின்றன? அந்த உறைகளால் அச்சுக்கடன் அடைந்த நல்ல நூல்கள் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனாலும் படிக்கப் போகாதவரின் தயவை எதிர்பார்த்து நிற்பதுதான் எனக்கு உறுத்துகிறது. முன்பணம் அனுப்புபவருக்கோ உங்கள் கதை வேண்டும். "புத்தகம் எப்போது வரும்?" என்று அவர் கேட்பார், வந்ததும் படிப்பார், இரண்டாவது நாவலுக்கும் அவரைத் தேடிப் போகலாம். பெரிய உறை ஒன்றைவிட, சிறு தொகை அனுப்பிய இருநூறு பேரின் பெயர்ப்பட்டியலே எழுத்தாளருக்குச் சொத்து என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே நிபந்தனை: நாவல் முழுமையாக முடிந்திருக்க வேண்டும். எழுதி முடித்ததைச் சொல்லவில்லை. வேறொருவர் படித்துத் திருத்தம் சொல்லி, நீங்கள் செப்பனிட்டு, மெய்ப்பு பார்த்து, பக்க வடிவமைப்பும் முடிந்த நிலையைச் சொல்கிறேன். அப்போதுதான் பக்க எண்ணிக்கை தெரியும். பக்கம் தெரிந்தால்தான் செலவு தெரியும். பாதி நாவலைக் கையில் வைத்துக்கொண்டு பணம் வாங்குபவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. அவர்கள் சொன்ன நாளில் நூல் வராமல் போனால், அடுத்து நேர்மையாகக் கேட்கும் உங்களைப் போன்றவர்கள் முகத்தில்தான் கதவு சாத்தப்படும்.

*

கேள்வி: அம்மா, பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் எழுத்து. என் துப்பறியும் நாவலுக்குக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பணம் திரட்டலாமா? எவ்வளவு கேட்பது என்றும் தெரியவில்லை.
– இளைஞர், பிறை

பதில்: தம்பி, மலேசியாவில் இருப்பவர்கள் அந்தத் தளத்தில் படைப்பாளராகத் திட்டம் தொடங்க முடியாது. சிங்கப்பூரில் இருப்பவர்களால் முடியும். அதற்காக மனம் தளராதீர்கள். அந்தத் தளத்தின் நல்ல விதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குறித்த நாளுக்குள் முழு இலக்கை எட்டினால்தான் அங்கே படைப்பாளருக்குப் பணம் கிடைக்கும். எட்டாவிட்டால் ஆதரவாளரின் கணக்கிலிருந்து ஒரு காசும் எடுக்கப்படாது. இந்த விதி வாசகருக்குக் காப்பு, உங்களுக்கும் காப்பு. பாதிப் பணத்தோடு முழுப் புத்தகத்துக்கு வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். பதிப்பகங்கள் நடத்தும் முன்வெளியீட்டுத் திட்டத்தைப் போலவே நீங்களும் நடத்தலாம். பணம் பெற, வங்கிகளுக்கிடையே உடனே பணம் அனுப்பும் டியூட்நவ் வசதி போதும். ஆனால் இதற்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்திருங்கள். சம்பளப் பணமும் வாசகர் பணமும் ஒரே கணக்கில் கிடந்தால், எது யாருடையது என்பது இரண்டே மாதத்தில் மறந்துவிடும்.

எவ்வளவு கேட்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நானாக வைத்தவை; மூன்று அச்சகங்களில் விலைப்புள்ளி வாங்கி உங்கள் எண்களை நிரப்பிக்கொள்ளுங்கள். நாவல் 240 பக்கம் என்போம். ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதியைப் படிவம் என்பார்கள். 16 பக்கம் ஒரு படிவம் என்றால் 15 படிவம், மிச்சமில்லாமல் முடிகிறது. (243 பக்கம் வந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு படிவத்துக்குப் பணம் கொடுப்பீர்கள். எனவே வடிவமைப்பாளரிடம் முன்பே பேசுங்கள்.) 300 பிரதிகள், பிரதிக்கு 14 ரிங்கிட் என்றால் அச்சு 4,200. அட்டை ஓவியம், பக்க வடிவமைப்பு, மெய்ப்பு எல்லாம் சேர்த்து 1,800. இருநூறு பேருக்கு அஞ்சலும் உறையும் தலா 8 ரிங்கிட் வீதம் 1,600. திரும்பி வரும் பொதிகளுக்கும் சேதத்துக்கும் 400 ஒதுக்குங்கள். மொத்தம் 8,000 ரிங்கிட். அஞ்சலோடு சேர்த்து 40 ரிங்கிட் என்று விலை வைத்தால் இருநூறு பேர் வேண்டும்.

எழுதியவருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். அந்த 8,000இல் ஒரு காசும் இல்லை. எஞ்சும் 100 பிரதிகளில் 5 சட்டப்படி தேசிய நூலகத்துக்குப் போகும். மீதி 95ஐ விற்றால்தான் உங்களுக்கு வருமானம். இதை வாசகரிடம் மறைக்க வேண்டாம். செலவுக் கணக்கை அப்படியே வெளியிடுங்கள். எழுத்தாளன் ஒன்றும் சம்பாதிக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களும் அந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

எல்லாரும் சறுக்கும் இடம் அஞ்சல் செலவு. சபா, சரவாக்கிற்குக் கட்டணம் கூடுதல், சிங்கப்பூருக்கு வேறு. அங்கிருந்து ஆதரவு தருபவர்களுக்குத் தனி விலை வையுங்கள். நூலோடு குவளை, சட்டை, சாவிக்கொத்து என்று அன்பளிப்புகளையும் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றும் எடையைக் கூட்டி அஞ்சல் பணத்தைத் தின்றுவிடும். கையெழுத்திட்ட பிரதியும் நன்றிப் பக்கத்தில் பெயரும் போதும். பெயர்களை எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள்; அந்தப் பக்கத்தைத்தான் எல்லாரும் முதலில் புரட்டுவார்கள்.

*

கேள்வி: அமெரிக்காவில் ஓர் எழுத்தாளர் இந்த முறையில் கோடிக்கணக்கில் திரட்டினாராமே?
– வாசகர், கெப்போங்

பதில்: உண்மைதான். 2022 மார்ச் மாதத்தில் பிராண்டன் சாண்டர்சன் என்ற மிகுபுனைவு எழுத்தாளர் நான்கு நாவல்களுக்காக 4 கோடியே 17 இலட்சம் டாலர் திரட்டினார். ஆதரவாளர்கள் 1,85,000 பேருக்கு மேல். தொகையைக் கண்டு மலைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில்லை. அவருடைய முதல் நாவல் 2005இல் வந்தது; அத்தனை ஆண்டுகளாக வாசகரைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார். அடுத்து, பணம் கேட்கும் முன்பே அந்த நான்கு நாவல்களையும் எழுதிவிட்டார். நாம் பின்பற்றக்கூடியது இதைத்தான்.

*

கேள்வி: முகநூலில் நாள்தோறும் அறிவிக்கிறேன். எல்லாரும் வாழ்த்துகிறார்கள், பணம் மட்டும் வரவில்லை. விளம்பரம் செய்வது எப்படி?
– குடும்பத்தலைவி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: "ஆதரவு தாருங்கள்" என்ற அறிவிப்பையே பத்து முறை போட்டால் யாருக்கும் அலுத்துவிடும், அம்மா. கதையைக் கொடுங்கள். முதல் அத்தியாயம் முழுவதையும் இலவசமாக வெளியிடுங்கள். முன்பெல்லாம் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பு இந்த வேலையைச் செய்தது. புதிய எழுத்தாளரின் பெயர் தோட்டத்து வீடுகள் வரை போய்ச் சேர்ந்தது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோனது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். வாசகரைத் தேடிப் போகும் பொறுப்பு இப்போது எழுதுபவர் தலையில் விழுந்திருக்கிறது.

உங்கள் குரலிலேயே ஐந்து நிமிடம் வாசித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்புங்கள். கண் மங்கிய பெரியவர்களும், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தயங்கும் இளையவர்களும் கேட்பார்கள். உங்கள் நாவல் எந்த ஊரில், எந்தத் தொழிலில் நடக்கிறது? அந்த மனிதர்களிடம் போங்கள். இரயில்வே குடியிருப்பைப் பற்றிய கதையானால், அங்கே வளர்ந்தவர்கள் இன்றைக்கு எங்கெங்கோ இருப்பார்கள்; அவர்களுக்கென்று ஒரு புலனக் குழு கட்டாயம் இருக்கும். பழைய மாணவர் சந்திப்பு, நூலக வாசகர் வட்டம், ஆலய மண்டபத்துக் கலைவகுப்பு என எங்கே அனுமதி கிடைத்தாலும் அரை மணி நேரம் வாசியுங்கள். பணம் கேட்பதைக் கடைசியில் ஒரே ஒரு முறை, தொகையையும் நாளையும் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். பொதுவில் வாழ்த்தியவர்களுக்குத் தனித்தனியாக எழுதுங்கள். தம் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் பதில் சொல்லாமல் போவது அரிது.

*

கேள்வி: ஒரு நாவலுக்கு முன்பணம் கட்டி ஓராண்டு கடந்துவிட்டது. நூலும் இல்லை, பதிலும் இல்லை.
– ஓய்வுபெற்ற அலுவலர், ஜார்ஜ் டவுன்

பதில்: ஐயா, உங்கள் கடிதம் என்னை மிகவும் வருத்தியது. முதலில் அந்த எழுத்தாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்த நாளில் எவ்வளவு கட்டினீர்கள், எந்த நாளுக்குள் நூலோ பணமோ வர வேண்டும் என்று குறிப்பிடுங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் அவருடைய அறிவிப்பின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். அதற்கும் மௌனமே பதில் என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. நாற்பது ரிங்கிட்டுக்காகவா என்று தயங்க வேண்டாம். உங்களைப் போல் இன்னும் எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ.

பெரிய நிறுவனமானால் பாதுகாப்பு என்றும் சொல்வதற்கில்லை. வாசகர் நிதியில் நூல் வெளியிட்டுப் பெயர்பெற்ற பிரிட்டனின் அன்பவுண்ட் பதிப்பகம் 2025 மார்ச்சில் நொடித்துப்போனது. எழுத்தாளர்கள் பலருக்கு வர வேண்டிய பணம் பாக்கி நின்றது. பணம் யார் கையில், எந்தக் கணக்கில், எது வரை இருக்கும் என்பதைக் கட்டும் முன்பே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாமதமானால் மறைந்துபோகாதீர்கள். மாதம் ஒரு முறை நான்கு வரி எழுதுங்கள். அச்சகம் தாமதித்தது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, எதுவானாலும் சொல்லுங்கள். வாசகர் பொறுத்துக்கொள்வார்.

*

கேள்வி: சொந்தமாக வெளியிட்டால், நூலுக்கான அனைத்துலக அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். கிடைக்குமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: கிடைக்கும். கோலாலம்பூர் தேசிய நூலகத்தில் விண்ணப்பியுங்கள். இதற்காக இடைத்தரகர் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். நூல் வந்ததும் ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆதரவு தந்தவர்களுக்கு ரசீது எழுதும்போது "நன்கொடை" என்று போடாமல், நூலின் பெயரையும் விலையையும் போடுங்கள். வருமான வரியில் வாழ்க்கைமுறைச் செலவுக்கான 2,500 ரிங்கிட் விலக்கில் நூல் வாங்கிய செலவும் சேரும். ரசீதில் நாள் எழுதவும் மறக்க வேண்டாம்.