காந்தத்துக்கு என்ன விரக்தி?

கேள்வி: வெளியூரில் பி.எச்டி. படிக்கும் என் மகள் 'ஃப்ரஸ்ட்ரேட்டட் மேக்னெட்' படிகம் வளர்க்கிறாளாம். காந்தத்துக்கு ஏது விரக்தி? அதே பொருளைத் தூளாகச் செய்து முடித்த பிறகும் ஒரு படிகத்துக்கு ஏன் இத்தனை மாதம்?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: அம்மா, உங்கள் பக்கம் கோழி அடைக்கும் பஞ்சாரத்தில் அறுகோண ஓட்டை விட்டுப் பின்னியது இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் குட்டிக் குட்டி முக்கோணங்கள் தெரியும். ஜப்பானில் இந்தப் பின்னலுக்குக் 'ககோமே' என்று பெயர், இயற்பியலிலும் அதுவே நிலைத்துவிட்டது. மூங்கில் பட்டைகள் குறுக்கிடும் இடமெல்லாம் ஒரு அணுக்காந்தம் இருப்பதாக வையுங்கள். பக்கத்தில் இருப்பது மேலே பார்த்தால் நான் கீழேதான் பார்ப்பேன் என்பது அதன் குணம். இரண்டு பேர் என்றால் சரி, மூன்றாவது ஆள் எப்படித் திரும்பினாலும் யாரோ ஒருவரோடு முட்டும். இந்த முட்டலைத்தான் விரக்தி என்கிறார்கள். இதனால் எவ்வளவு குளிரவைத்தாலும் சில பொருள்களில் காந்தங்கள் ஒழுங்காக வரிசைக்கு வருவதில்லை.

தூளில் எல்லாத் திசையும் கலந்து கிடக்கும். எந்தத் திசையில் என்ன நடக்கிறது என்று நியூட்ரானை விட்டுப் பார்க்க ஒற்றைப் படிகம் வேண்டும். நூலில் பிடிக்கும் கற்கண்டு ஆகாது, அது பல படிகங்கள் ஒட்டிய கட்டி. ஆக்சைடு என்றால் பெரும்பாலும் தூளைக் கோலாக அழுத்திச் சுட்டு, மேலே ஒன்றைத் தொங்கவிட்டு, கீழே ஒன்றை நிறுத்தி, விளக்கொளியைக் கண்ணாடிகளால் நடுவில் குவித்து உருக்குவார்கள். பாத்திரமே கிடையாது, உருகிய துளி இரண்டு கோலுக்கும் நடுவே தன் பரப்பு இழுவிசையிலேயே நிற்கும். அந்தத் துளியைக் கோல் நெடுக மெல்ல நகர்த்தினால் பின்னால் ஆறி உறைவதுதான் படிகம். மணிக்குச் சில மில்லிமீட்டர்தான் நகர்த்த முடியும், துளி அறுந்து விழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வளர்ந்தாலும் நம்ப முடியாது. இட்டெர்பியம் டைட்டனேட் என்ற விரக்திக் காந்தத்தின் நல்ல தூளில், தனிச்சுழியத்துக்கு (அதற்குக் கீழே குளிரவே முடியாத எல்லை) கால் டிகிரி மேலே வெப்பக் கொள்ளளவு, அதாவது ஒரு டிகிரி சூடேற்றத் தேவைப்படும் வெப்பம், ஊசி மாதிரி எகிறும். படிகத்தில் அதே இடம் மழுங்கிப்போய் வந்தது. 2012-இல் நுணுக்கிப் பார்த்தபோது, டைட்டானியத்தின் இடங்களில் 100-க்குச் சுமார் 2-இல் இட்டெர்பியம் போய் உட்கார்ந்திருந்தது! படிகத்தைவிடத் தூளே சுத்தம் என்று ஆன கதை இது. அதனால் உங்கள் மகளின் மாதங்களில் பாதி சரிபார்ப்பதிலேயே போயிருக்கும், அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்த முறை போனில் பேசும்போது "லாவே படத்தில் புள்ளியெல்லாம் ஒத்தை ஒத்தையாக விழுந்ததா, இரட்டையாகவா?" என்று கேட்டுப் பாருங்கள். படிகத்தில் எக்ஸ் கதிரை விட்டு எடுக்கும் புள்ளிப் படம்தான் அது. இரட்டை என்றால் உள்ளே இரண்டு படிகம் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு மட்டும் கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள்.