பழைய சர்வேயை நம்பிப் படகு வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் வசிக்கிறேன். சிச்செஸ்டர் துறைமுகத்தில் சேற்றில் கட்டிக் கிடக்கும் 1974ஆம் ஆண்டு வெஸ்டர்லி சென்டார் பாய்மரப் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். 26 அடி, இரட்டைக் கீல் (படகின் அடியில் நீட்டி நிற்கும் கனமான இரும்புப் பகுதி). 4,500 பவுண்டு சொல்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய சர்வே (படகைச் சோதித்து எழுதிய அறிக்கை) இருக்கிறது, அதுவே போதும் என்கிறார் புரோக்கர். புது சர்வே என்றால் கரையேற்றும் கூலியோடு 900 பவுண்டு ஆகிறது. விலையில் ஐந்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கத்தான் வேண்டுமா? ஆஸ்மோசிஸ் இருக்குமோ என்பதுதான் என் பயம்.

பதில்: கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் முதல் செலவாக அல்ல. முதலில் நீங்களே இரண்டு மணி நேரம் ஒதுக்கிப் படகைப் பாருங்கள். அதில் தேறினால் மட்டும் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

புரோக்கர் சொல்வதை முதலில் ஒதுக்கி வைப்போம். அவருக்குக் கமிஷன் விற்பவரின் பணத்திலிருந்து வருகிறது; படகு கைமாறினால்தான் வரும். பழைய சர்வே வேறொருவர் காசு கொடுத்து வாங்கிய அறிக்கை. அதில் தப்பு இருந்து நீங்கள் நஷ்டப்பட்டால், பொதுவாக அந்த சர்வேயருக்கு உங்களிடம் எந்தப் பொறுப்பும் கிடையாது. அவர் ஒப்பந்தம் செய்தது இன்னொருவரோடு. இந்த வயதுப் படகுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியும் பெரும்பாலும் கரையில் வைத்துச் செய்த புது சர்வேயைத்தான் கேட்கும். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் பெரும்பாலான மெரினாக்களில், அதாவது படகு நிறுத்தும் துறைகளில், இடம் கிடைக்காது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அந்த சர்வேயரையே நேரில் அழைத்து, அறிக்கையை உங்கள் பெயருக்கு எழுத்தில் மாற்றித் தரச் சொல்லலாம். சிலர் ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருவார்கள். ஆனால் அறிக்கை சமீபத்தியதாக இருக்க வேண்டும். அதற்குப் பின் படகு தரைதட்டியிருக்கக் கூடாது. உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனி அதை ஏற்பதாக மின்னஞ்சலில் எழுதித் தர வேண்டும். போனில் “சரி” என்றால் போதாது. புரோக்கர் “நான் பேசிவிட்டேன்” என்றாலும் போதாது. இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம். உங்கள் விஷயத்தில் இரண்டு வருடம் ஓடிவிட்டது. நாளுக்கு இருமுறை நீர் வற்றிச் சேற்றில் உட்காரும் படகு வேறு. ஆகவே இந்த வழி உங்களுக்கு இல்லை.

ஆஸ்மோசிஸுக்கு இவ்வளவு பயப்படாதீர்கள். ஃபைபருக்குள் நீர் ஊறி, மேல்பூச்சின் அடியில் கொப்புளம் கட்டுவதுதான் அது. குத்தினால் வினிகர் வாடையோடு பிசுபிசுப்பாக நீர் வரும். ஐம்பது வருடப் படகில் நாலைந்து கொப்புளம் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அவ்வளவுதான். இந்தப் படகுகளின் அடிப்பாகம் தடிமனாகக் கட்டியது. கொப்புளத்தால் மூழ்குவது இல்லை. புரோக்கர்கள் “ஆஸ்மோசிஸ் இல்லை” என்று உரக்கச் சொல்வதற்குக் காரணமே, வாங்குபவரின் கவனம் அதிலேயே நின்றுவிடும் என்பதுதான்.

நீங்கள் பயப்பட வேண்டியது கீலுக்கும் என்ஜினுக்கும்.

சென்டாரின் இரண்டு வார்ப்பிரும்புக் கீல்களும் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. ஏறக்குறைய மூன்று டன் எடை ஒவ்வொரு வற்றத்திலும் அவற்றின் மேல் இறங்கும்போது, கால்களை அகட்டிப் பிரிப்பதுபோல் வெளிப்பக்கம் தள்ளுகிறது. போல்ட் இருக்கும் இடத்து ஃபைபர் வருடக்கணக்கில் வளைந்து வளைந்து தளர்ந்துவிடும். இதைச் சோதிக்க, பட்டை கட்டிக் கிரேனில் தூக்கியிருக்கும் நேரம்தான் சரி. ஒருவர் பாதுகாப்பான பக்கத்தில் நின்று கீலின் நுனியைக் கையால் பக்கவாட்டில் தள்ளட்டும். படகு கரையிலிருந்து அதே பட்டையில் ஏறும்போதும் இறங்கும்போதும் கீலும் உடலும் சேரும் கோட்டில் கண்ணை வையுங்கள். அந்தக் கோடு திறந்து மூடினாலோ, துரு கலந்த நீர் கசிந்தாலோ, அதற்கு இணையாக மேல்பூச்சில் மயிரிழை விரிசல் ஓடினாலோ போல்ட்டும் தளமும் பலவீனம். கோட்டில் மட்டும் புதுப் பூச்சு பளபளத்தால் கூடுதல் சந்தேகம் கொள்ளுங்கள். உள்ளே தரைப்பலகையைத் தூக்கி, போல்ட் தலைகளையும் சுற்றியுள்ள ஃபைபரையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே அண்மையில் பெயின்ட் அடித்திருந்தால், எதற்கு என்று கேளுங்கள்.

என்ஜினைப் பொறுத்தவரை, போகும் நேரத்தை முன்பே சொல்லி, “ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்” என்று எழுதி அனுப்புங்கள். போனதும் சிலிண்டர் பகுதியில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகாத என்ஜினை உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயில் அளவுகோலை இழுத்துப் பாருங்கள்; எண்ணெய் பால் கலந்த காபி நிறமென்றால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. பிறகு படகு மிதக்கும் நேரத்தில் கரையோடு கட்டி, கியரில் போட்டு, அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். இந்தப் படகு கட்டப்பட்ட காலத்து வோல்வோ என்ஜின்களில் பல, கடல்நீரையே உள்ளே சுற்றவிட்டுக் குளிர்பவை. உள்ளே உப்பு அடைத்திருந்தால் சும்மா ஓடும்போது தெரியாது. சுமை ஏறிய பிறகுதான் சூடு கூடும். ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டி அணைப்பது ஒரு பழைய தந்திரம். புது என்ஜின் வாங்கிப் பொருத்தினால் இந்தப் படகின் விலையைத் தாண்டிவிடும். சாதாரண சர்வேயில் என்ஜினைத் திறந்து பார்க்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குத் தனியாக மெக்கானிக் வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. அடியில் இருக்கும் நீர் வால்வுகள் ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பாருங்கள். கத்தி முனையால் சுரண்டினால் உலோகம் மஞ்சளாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் துத்தநாகம் போய்ச் செம்பு மட்டும் மிச்சம், தட்டினாலே உடையும். மேல்தளத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள், மந்தமான ஓசை வரும் இடத்தில் நீர் ஊறியிருக்கலாம். பாய்மரத்தின் நேர் கீழே தளம் குழிந்திருக்கிறதா, கழிவறைக் கதவு இறுகுகிறதா என்று பாருங்கள். தாங்கும் அமைப்பு இறங்கியிருப்பதன் அடையாளம் அது. பாய்மரக் கம்பிகளின் கீழ்முனையில் துணியை ஓட்டுங்கள், வெறும் கையை ஓட்டாதீர்கள். துணியின் நூல் சிக்கினால் கம்பியில் ஓர் இழை அறுந்திருக்கிறது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட கம்பிகளை மாற்றச் சொல்லும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் உண்டு. எப்போது மாற்றினார்கள் என்று ரசீதைக் கேளுங்கள்.

மூன்று வருடம் தாண்டிய காருக்கு வருடம் தவறாமல் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனை கேட்கும் இந்த நாட்டில், கடலில் ஓடும் தனியார் பொழுதுபோக்குப் படகுக்கு அப்படி எந்தச் சோதனையும் கட்டாயமில்லை. இன்று காலை யார் வேண்டுமானாலும் தன்னைச் சர்வேயர் என்றும் புரோக்கர் என்றும் அழைத்துக்கொள்ளலாம்; லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. இது இத்தனை காலம் இப்படியே கிடப்பது பொறுக்க முடியாத விஷயம். ஆகவே புரோக்கர் கொடுக்கும் சர்வேயர் பட்டியலைத் தொடாதீர்கள். ஒய்.டி.எஸ்.ஏ. அல்லது ஐ.ஐ.எம்.எஸ். என்ற சர்வேயர் அமைப்புகளில் உறுப்பினராகவும், தொழில்பொறுப்புக் காப்பீடு உள்ளவராகவும் நீங்களே தேடுங்கள். விற்பவர் தனிநபர் என்றால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் தரப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. கையிலிருக்கும் முக்கியக் கவசம் இந்த சர்வேதான்.

உரிமையையும் விட்டுவிடாதீர்கள். எஸ்.எஸ்.ஆர். எனப்படும் சிறுகலப் பதிவுச் சான்றை நீட்டி “பதிவான படகு” என்பார்கள். அது உரிமைக்குச் சான்று அல்ல. கடன் இருந்தால் அதில் தெரியாது. பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டின் பாகம் 1 பதிவு வேறு, அதில் உரிமையும் அடமானமும் பதிவாகும். இந்தப் படகு அதில் இல்லையென்றால் பழைய விற்பனைப் பத்திரங்களை வரிசையாகக் கேளுங்கள்.

முன்பணம் வழக்கமாக 10 சதவீதம், உங்களுக்கு 450 பவுண்டு. அதை புரோக்கரின் சொந்தக் கணக்கில் போடாமல், வாடிக்கையாளர் பணத்துக்கான தனிக் கணக்கில் போடுங்கள். ஒப்பந்தத்தில் “சர்வேயும் என்ஜின் சோதனையும் திருப்தியானால் மட்டும்” என்ற வரி இருக்க வேண்டும். கீல், என்ஜின் இரண்டில் எதில் குறை வந்தாலும் முன்பணம் முழுதாகத் திரும்பும் என்பதும் இருக்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையில் கையெழுத்துப் போடாதீர்கள்.