வேலையை விடச் சொல்லாதீர்கள், வேலை நேரத்தை மாற்றிக் கேட்கட்டும்

கேள்வி: என் மனைவிக்கு 43 வயது. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒன்றரை வருடமாக முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). காலையில் விரலை மடக்கக்கூட முடியாது. சாயங்காலம் ஓரளவு நன்றாக இருப்பாள். அதனால் அலுவலகத்தில் நடிக்கிறாள் என்று பேசுகிறார்களாம். வேலையை விட்டுவிடு என்கிறேன். வீட்டிலும் எல்லாவற்றையும் நானே செய்கிறேன். ஆனாலும் என் மேல்தான் கோபப்படுகிறாள். நான் எங்கே தவறுகிறேன்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் அக்கறையில் குறையே இல்லை. ஆனால், அவரால் முடியாததோடு சேர்த்து முடிவதையும் நீங்களே எடுத்துச் செய்துவிடுகிறீர்கள். கோபம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

காலையில் முடியாமல் மாலையில் முடிவது இந்த நோயின் இயல்பு. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் அங்கே அழற்சி உண்டாகிறது. இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டு காலையில் இறுகிவிடும். வயதாவதால் வரும் மூட்டுத் தேய்மானத்தில் இந்த இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். முடக்குவாதத்திலோ ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். 9 மணிக்குப் பேனாவைப் பிடிக்க முடியாதவர் 4 மணிக்குத் தட்டச்சு செய்வதில் நடிப்பு எதுவும் இல்லை. கூடவே கடுமையான அசதி இருக்கும். அது யார் கண்ணுக்கும் தெரியாது, தூங்கி எழுந்தாலும் முழுதாகப் போகாது. வலியைவிட இதுதான் பலரை அதிகம் வாட்டுகிறது.

ஆகவே வேலையை விடுவதற்கு முன் வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு உங்கள் மனைவியே மேலதிகாரியிடம் பேசட்டும். நீங்கள் போய்ப் பேச வேண்டாம். காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்குவது, தட்டச்சு வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளிவைப்பது, பேசினால் எழுத்தாகும் வசதியைப் பயன்படுத்துவது, இடையிடையே எழுந்து நடப்பது, வலி கூடும் நாட்களில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது: இவற்றில் எதற்கும் நிறுவனத்துக்குப் பெரிய செலவு கிடையாது. 'உடம்பு சரியில்லை' என்று பொதுவாகச் சொல்வதைவிட, இன்னது மாறினால் இந்த வேலையை முடித்துத் தர முடியும் என்று சொன்னால் கேட்பவருக்கும் முடிவெடுப்பது எளிது. இந்நோய்க்கான மருந்துகள் முழுப் பலன் தர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். மோசமான ஒரு காலகட்டத்தைப் பார்த்து 43 வயதில் வேலையை விடுவது அவசர முடிவு.

வீட்டில், எதையும் கையிலிருந்து வாங்குவதற்கு முன் கேளுங்கள். "இன்றைக்குக் கை எப்படி இருக்கிறது? எதை நான் செய்யட்டும்?" இந்த இரண்டு கேள்விகள் போதும். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள், அவர் மெதுவாகச் செய்தாலும் சரி. அவருடைய வேலையைக் குறைப்பதைவிடப் பொருட்களை மாற்றுவது நல்லது. திருகும் குழாய்க்குப் பதில் நெம்பித் திறக்கும் குழாய் பொருத்துங்கள். பேனாவிலும் கரண்டிக் காம்பிலும் ஸ்பாஞ்ச் சுற்றித் தடிமனாக்கலாம். பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்டிக்கொள்ளட்டும். பாத்திரத்தை இரு உள்ளங்கைகளாலும் ஏந்தித் தூக்கட்டும். சிறிய மூட்டுகளின் பாரத்தைப் பெரிய மூட்டுகளுக்கு மாற்றுவதுதான் இதன் அடிப்படை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளை எளிதாகச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) ஒருவரை ஒருமுறை பார்த்தால் உங்கள் மனைவியின் கைக்குப் பொருத்தமான வழிகளைச் சொல்லித் தருவார்.

முழு ஓய்வு கொடுத்து உட்கார வைத்துவிடாதீர்கள். தசை வலுவிழந்தால் மூட்டுக்குச் சுமை கூடும். வீக்கம் அதிகமான நாட்களில் மென்மையான அசைவுகள், மற்ற நாட்களில் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகள் என்று தொடரட்டும்.

மருந்தில் மட்டும் நீங்களும் ஒரு கண் வைத்திருங்கள். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதித் தந்திருந்தால், இந்நோய்க்கு அது வாரம் ஒருமுறைதான். தவறிப்போய்த் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று இருவரும் முடிவுசெய்து குறித்து வையுங்கள். காலை இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் அவர் பக்கத்திலேயே எழுதி வரட்டும். அந்த நேரம் நாளுக்கு நாள் கூடினாலோ புதிதாக ஒரு மூட்டு வீங்கினாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.