போக்ரான் ஸ்டேஷனை ஆறடிப் பலகையில் கட்ட என்ன வாங்கலாம்?

கேள்வி: அப்பா ராணுவத்தில் இருந்ததால் 1980-களில் சில வருடம் ராஜஸ்தான் போக்ரானில் இருந்தோம். அங்கே ரயில் வந்ததும் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுவார்கள். பின்னால் மணல்மேடு. அந்த ஸ்டேஷனை மாடல் ரயிலாகச் செய்ய ஆசை. ஹாலில் ஆறடிக்கு ஒன்றரை அடி இடம் இருக்கிறது. எந்த ஸ்கேல் வாங்குவது? மணலுக்கு சில்வர் பீச் மணல் போதுமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இன்ஜின் முனை மாறும் ஸ்டேஷன் என்பது உங்களுக்கு வாய்த்த நல்ல வசதி. வந்த பாதையும் போகிற பாதையும் ஒரே பக்கம் இருப்பதால் வட்டப் பாதையே வேண்டாம், நீளப் பலகை போதும்.

'என்' (N) ஸ்கேல் வாங்குங்கள், அதாவது 1:160 (நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு), தண்டவாள இடைவெளி 9 மி.மீ. அதைவிடப் பெரிய எச்ஓ (HO) ஸ்கேலில் (1:87) மூன்று பெட்டி நின்றாலே பலகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். 'என்' ஸ்கேலில், அப்போது அங்கே ஓடிய மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) பெட்டி ஒன்று சுமார் 12 செ.மீ. தான். கணக்கு இப்படி வரும்: கடைசி முட்டில் இன்ஜின் நிற்க 15 செ.மீ., பாயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) 12, இன்ஜின் பெட்டிகளைக் கடந்து மறுமுனைக்குப் போக இரட்டைப் பாதை 60, இன்னொரு பாயின்ட் 12. ஆக 99 செ.மீ. இரட்டைப் பாதையின் இரு முனையிலும் பத்துப் பத்து செ.மீ. பயன்படாது, அங்கே நிறுத்தினால் பக்கத்துப் பாதையில் போகும் இன்ஜின் உரசும். மீதி 40-ல் மூன்று பெட்டி நிற்கும். இன்னும் 80 செ.மீ. வெறும் பாலைவனத்துக்கு மிஞ்சுகிறது. அதில் கை வைக்காதீர்கள், அந்த வெறுமைதான் போக்ரான்.

9 மி.மீ. பாதை 1:160-ல் உண்மையில் மீட்டர் கேஜ் ஆகாது, அதைவிட அகலமான ஸ்டாண்டர்டு கேஜ் (1,435 மி.மீ.) அளவு. சரியான மீட்டர் கேஜ் வேண்டுமென்றால் எச்ஓ அளவில் 12 மி.மீ. பாதை கிடைக்கிறது, ஆனால் அதில் வருவதெல்லாம் பெரும்பாலும் சுவிஸ் வண்டிகள், விலையும் எக்கச்சக்கம். இந்த ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் கருத்து.

மணல் விஷயத்துக்கு வருவோம். சில்வர் பீச் மணல் வேண்டவே வேண்டாம். முதல் காரணம் உப்பு. அது காற்றின் ஈரத்தை இழுத்து, மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூக்கும், தண்டவாளத்தையும் அரிக்கும். அடுத்தது, நம் கரை மணலில் கலந்திருக்கும் கருமணல். ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மணலில் ஓட்டிப் பாருங்கள், கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் இன்ஜின் மோட்டாரின் காந்தத்திலும் போய் அப்பிக்கொள்ளும். கழுவி, காந்தம் ஓட்டிச் சுத்தம் செய்தாலும் மூன்றாவது சிக்கல் தீராது: கால் மி.மீ. மணல் துகள் 1:160-ல் 40 மி.மீ. ஜல்லிக்குச் சமம். மணல்மேடு என்று நினைத்துக் கொட்டினால் ஜல்லிக் குவியல்தான் தெரியும்.

அதனால் மணல்மேட்டை மணலால் செய்யாதீர்கள். தெர்மாகோலை வெட்டி வடிவம் கொடுத்து, மேலே சுவர் பட்டியை 2 மி.மீ. பூசி, காய்ந்ததும் நைஸ் எமரி தாளால் தேய்த்து, தண்ணீரில் கரையும் பெயின்ட் அடியுங்கள். ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும். நிறம் வெளிறிய மஞ்சள் கலந்த பழுப்பு. ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணைத் தூவினால் ஊர் மாறிவிடும். வடிவத்தில் கவனம்: காற்று வரும் பக்கம் தாழ்வான சரிவு, மறுபக்கம் 33 டிகிரி அளவில் கூடுதல் சரிவு. மேடு 4 செ.மீ. உயரம் என்றால் ஒரு பக்கம் 19 செ.மீ. நீளம், மறுபக்கம் 6 செ.மீ. இரண்டையும் சமமாக விட்டால் இட்லி மாதிரி இருக்கும்.

மேடு ஒன்றே போதும். சின்ன வயதில் பார்த்த மேடுகள் நினைவில் பெருகிவிடும். அந்தப் பக்கம் பெரும்பாலும் கல்லும் மணலும் கலந்த சமவெளிதான். அந்த ஒரு மேட்டையும் ரயில் பலகையை விட்டு வெளியேறும் மூலையில் வையுங்கள், பாதை முடிவதை மறைத்துக்கொள்ளும்.

மரத்துக்கு ராஜஸ்தான் போக வேண்டியதில்லை. அங்கே கேஜ்ரி என்பது நம்ம வன்னி மரமேதான், விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கிறதே, அது. பழைய ஒயரின் செம்புக் கம்பிகளை முறுக்கி 4 செ.மீ. மரமாக்கி, மிக்ஸியில் அரைத்த ஸ்பாஞ்சைச் சாம்பல் பச்சையில் தோய்த்து ஒட்டுங்கள். பலகைக்கு ஏழெட்டு மரம். அதற்கு மேல் வைத்தால் தோப்பு.

கேள்வி: பழைய பித்தளைத் தண்டவாளம் மலிவாக வருகிறது. வாங்கலாமா? பலகைக்கு எந்த பிளைவுட்?
- முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம். கடற்கரை ஊரில் பித்தளை சீக்கிரம் கறுக்கும், அந்தக் கறுப்பு மின்சாரத்தைத் தடுக்கும். இரும்பு இன்னும் மோசம். நிக்கல் சில்வர் என்று கேட்டு வாங்குங்கள் (பெயரில்தான் சில்வர், வெள்ளி கிடையாது). ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் அவ்வப்போது துடைத்தால் போதும், எமரி தாள் போடாதீர்கள், கீறலில் அழுக்கு தங்கும்.

பிளைவுட் 12 மி.மீ., ஐ.எஸ். 710 முத்திரையுள்ளது (தண்ணீர் தாங்கும் மரைன் ரகம்). விலை குறைந்த எம்.ஆர். (ஓரளவு ஈரம் தாங்கும்) ரகம் நம்மூர் ஈரத்தில் வளையும். எதை வாங்கினாலும் அடிப்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் பெயின்ட் அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி வளைத்துவிடும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஜப்பான் ரயில் செட்டின் அடாப்டரைப் பின் கன்வெர்ட்டர் போட்டுச் சொருகினேன், புகைந்துவிட்டது. விற்றவர் கைவிரிக்கிறார்.
- லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. பின் கன்வெர்ட்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. முதலில் 9 வோல்ட் பேட்டரியின் இரு முனையிலும் ஒயர் பிடித்துத் தண்டவாளத்தில் வையுங்கள். இன்ஜின் நகர்ந்தால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை, போனது அடாப்டர்தான் (கூடவே கன்ட்ரோலரும் போயிருக்கலாம்).

விற்பனைப் பக்கத்தில் 100 வோல்ட் என்று போட்டிருந்தார்களா என்பதில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது. போட்டிருந்தால் உங்கள் கை பலவீனம். போடாமல் விற்றிருந்தால் அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் முடியாவிட்டால், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, அதாவது புதுச்சேரி ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் இதெல்லாம் நடைமுறையில் சிரமம். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியில் ஆட்சேபம் எழுப்புவதுதான் வழி, அதற்குக் கெடு குறைவு.